கொண்டு வந்தவர் பெயர்

பனி உருகத் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை காலை. கோவிலுக்குக் கொண்டுபோக வேண்டிய வடைக்கு உளுந்து அரைத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் பழக்கமில்லாத ஓர் ஆண் குரல் கேட்டது.

"ஆன்ட்டி, நான் கோமதியோட பையன் பேசறேன். அம்மா நேத்து தூக்கத்துலயே போயிட்டாங்க."

நான் கிரைண்டரை நிறுத்தினேன். அவர் நிதானமாகத்தான் பேசினார். அம்மா குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டி வைத்திருக்கிறாராம். தனக்கு ஏதும் நடந்தால் யார் யாருக்கு முதலில் சொல்ல வேண்டும் என்ற பட்டியல். முதலாவது திருநெல்வேலியில் உள்ள அக்கா. இரண்டாவது கூட வேலை செய்தவர். மூன்றாவது நான். என் பெயருக்குப் பக்கத்தில், "காலையில் கூப்பிடு, பத்து மணிக்கு மேல் கோவிலில் இருப்பாள்" என்று குறிப்பும் எழுதியிருந்தாராம்.

அப்போது மணி ஒன்பதே முக்கால். அழ வேண்டிய நேரத்தில் எனக்குச் சிரிப்பும் கூடவே வந்தது. இறந்த பிறகும் தன் பட்டியல் சரியாக நடக்கும்படி செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

புறநகரான கர்க்லாண்டில் மகனோடு இருந்த பேராசிரியர் கோமதியை, நம் கோவிலுக்கு வரும் உங்களில் பலர் "அந்த இந்தியா ரீச்சர்" என்றுதான் அறிந்திருப்பீர்கள். வெள்ளிக்கிழமைகளில் பூசை முடியும் நேரம் பார்த்து வருவார். அவர் சாமி கும்பிட்டு நான் கண்டதில்லை. ஆனால் சாப்பாட்டு வரிசையில் முன்னுக்கு நிற்பார். டவுன்டவுனில் உள்ள பல்கலைக்கழகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் படித்தது பாபிலோனைப் பற்றி. இன்றைய ஈராக்கில் அந்தக் காலத்துக் கோவில்களில் கணக்கெழுதியவர்கள் ஈரக் களிமண்ணில் ஆணி ஆணியாகக் குத்தி எழுதிய பலகைகளை வாசிப்பதுதான் அவருடைய தொழில். அந்தக் கோவில்களில் தினமும் சாமிக்கு ரொட்டி, பியர், பேரீச்சம்பழம், ஆட்டிறைச்சி எல்லாம் படைப்பார்களாம். அத்தனைக்கும் கணக்கு உண்டாம்.

நாங்கள் முதலில் கதைத்தது களஞ்சிய அறை வாசலில். யாரோ தந்த பாலையும் அரிசியையும் நான் எழுதிக்கொண்டிருந்தபோது, தோளுக்குப் பின்னால் ஒருவர் நின்று வாசிப்பது தெரிந்தது.

"சாப்பாடு கீழ, அம்மா," என்றேன்.

"சாப்பிட்டாச்சு. எதுக்கு ரெண்டு நோட்டு வச்சிருக்கீங்க?"

"ஒண்டு உபயப் பதிவு. எந்தத் திருவிழா எந்தக் குடும்பத்தின்ர எண்டு. மற்றது களஞ்சியக் கொப்பி. என்ன வந்தது, ஆர் கொண்டு வந்தது எண்டு."

"யார் கொண்டு வந்தாங்கன்னு ஏன் எழுதறீங்க?"

"பாத்திரம் திருப்பிக் குடுக்க வேணுமே."

அவர் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "இது நல்ல காரணம். நான் படிச்சவங்க யாரும் இதைவிடப் பெரிய காரணம் வச்சுக்கிட்டு எழுதலை."

அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். கொப்பியில் கோடு கீறி நிரல் பிரிப்பதைப் பார்த்துப் பார்த்து நானே பழகினேன். அவர் என்னை ஒருநாளும் படிக்காதவளாக நடத்தவில்லை. தொழில் தெரிந்த இன்னொருத்தி என்றுதான் நடத்தினார். "உன் கந்தசாமிக்கு நான் பயப்படல, உன் கொப்பிக்குத்தான் பயம்," என்பார். ஒருமுறை அவர் கொண்டு வந்த பேரீச்சம்பழப் பெட்டியை நான் எழுத மறந்ததற்கு, இரண்டு கிழமை என்னைப் பகிடி பண்ணினார்.

கோபமும் வந்ததுண்டு. ஒருநாள் அவர் வீட்டில் தேநீர் குடிக்கும்போது கேட்டேன், "அக்கா, அந்தப் பாபிலோன் கோவில் சாமியெல்லாம் இப்ப எங்க?"

"சாமி போயிடுச்சு. ரசீது இருக்கு."

எனக்கு அது நெஞ்சில் தைத்தது. அவ்வளவு மாவும் பழமும் படைத்த சனங்கள், ஒரு நாள் தவறாமல் விளக்கு வைத்திருப்பார்கள். அதை இப்படி ஒரு சொல்லில் துடைத்துவிடலாமா? கோட்-டெ-நெய்ஜில் உள்ள எங்கள் அடுக்குமாடி வரை பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதையே நினைத்தேன். அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமையும் அவரோடு அளவாகத்தான் கதைத்தேன். மூன்றாவது வெள்ளிக்கிழமை அவரே வந்து, "என்ன, என்னைத் தள்ளி வச்சுட்டியா?" என்று கேட்டார்.

"சாமி போகேல்லை அக்கா," என்றேன். "அந்த ரசீதையும் கையில பிடிச்சுக்கொண்டு உங்களை இந்தக் கோவில் வாசலுக்குக் கொண்டுவந்து விட்டிருக்கு."

அவர் கீழே சாப்பாட்டு வரிசை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சோத்துக்கு வந்தேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்," என்றார். அதற்குப் பிறகு அவர் என் முன்னால் அந்தச் சாமிகளைப் போனவை என்று சொல்லவில்லை. "அங்க இருக்கிறவர்" என்றுதான் சொன்னார்.

இனி ஆறாம் திருவிழாவைப் பற்றி எழுத வேண்டும். அதில் என் பிழையும் இருப்பதால், எழுதாமல் விட்டால் அவருக்குச் செய்யும் அஞ்சலி அஞ்சலியாகாது.

நம் கோவிலின் பத்து நாள் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பம் தன் செலவில் செய்யும் உபயம். ஆறாம் நாள் சிவபாலன் அண்ணை குடும்பத்தினுடையது. அவர் ஒரு உணவகச் சமையலறையில் வேலை செய்தார். மனைவி தவமலர் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. அண்ணை மாரடைப்பில் காலமான வருடம் அந்த நாளைக் கோவில் பொதுவில் செய்தது. வருட முடிவில் வரும் ஆட்டைத் திவசம் முடிந்ததும் தவமலர் வந்து, இனி வழமைபோலத் தானே செய்கிறேன் என்றாள். அதே கிழமை அண்ணையின் தம்பி யோகனும் வந்து, அண்ணையின் இடத்துக்குத் தான்தான் என்றார். நிர்வாக சபை அடுத்த ஞாயிறு கூடித் தீர்ப்பதாக இருந்தது. உபயப் பதிவு என் கையில் இருந்தபடியால் அதைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

நான் அதற்கு முதல் கர்க்லாண்டுக்குப் போனேன். பெருமையோடுதான் போனேன் என்று சொல்ல வேண்டும். பதினேழு வருடமாக ஒரு வெட்டுக் கொத்து இல்லாமல் எழுதிய கொப்பி அது. கோமதி அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறாம் வரியை வாசித்தார். "சி. சிவபாலன் குடும்பம்."

"குடும்பம்னா யாரு?"

"அவரும் மனிசியும் பிள்ளையளும்."

"மனைவிக்குப் பேர் கிடையாதா?"

"இருக்கு. தவமலர். மரியாதைக்குக் குடும்பம் எண்டு எழுதுறனாங்கள் அக்கா. எல்லாரும் அதுக்குள்ள அடக்கம்."

அவர் விரலை மூன்றாம் வரிக்கு நகர்த்தினார். "இந்த மாஸ்டர் வீட்டம்மா பேர்?"

எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வருடமும் மூன்றாம் திருவிழாவுக்குப் பூமாலை கட்டிக்கொண்டு வருகிறவர். சேலை நிறம் தெரியும், முழங்கால் நோ தெரியும், பிள்ளைகளின் பெயர் தெரியும். நான் அவரை "மாஸ்டர் வீட்டு அம்மா" என்றுதான் கூப்பிட்டு வந்தேன். எட்டாம் வரியிலும் அப்படித்தான். ஒன்பதிலும் அப்படித்தான்.

அக்கா கணினியைத் திறந்து ஒரு பலகையின் படத்தைக் காட்டினார். உள்ளங்கை அளவு மண்ணில் கோழி கிளறியதுபோல் இருந்தது. கோவிலுக்காகத் துணி நெய்த பெண்களுக்கு மாதாமாதம் வாற்கோதுமை அளந்து கொடுத்த பட்டியலாம். ஒவ்வொரு வரியாகத் தொட்டு வாசித்தார். எல்லாம் பெண்களின் பெயர்கள். சிலவற்றுக்குப் பக்கத்தில் நோய் என்று இருந்தது. ஒன்றுக்குப் பக்கத்தில் இறந்துவிட்டாள் என்று இருந்தது.

"இவ பேருக்குப் பக்கத்துல ஓடிப்போயிட்டாள்னு இருக்கு."

"நல்லது," என்றேன். "தப்பியிருப்பா."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இத்தனை வருஷத்துல யாரும் அப்படிச் சொன்னதில்ல. எத்தனை பேர் ஓடினாங்கன்னுதான் எண்ணினாங்க. நானும்தான்."

பிறகு சொன்னார்: "கோவில் இவங்களை ஒண்ணும் கொண்டாடல. கோவில்காரன் வேலை வாங்கினான், தானியம் அளந்தான், யாருக்குப் போச்சுன்னு தெரியணும்னு பேர் எழுதினான். நீ மரியாதைக்காகப் பேரை விட்டே. அவன் கணக்குக்காகப் பேரை எழுதினான். ரெண்டுல எது நல்லதுன்னு நீயே சொல்லு."

அங்கேயும் நம் உபயம் போல ஒரு முறை பின்னாளில் இருந்ததாம். இந்த மாதத்தில் இன்ன நாட்களில் சாமிக்கு ரொட்டி சுடும் உரிமை இன்னாருக்கு என்று. அது பரம்பரையாகப் போகும். ஒரு நாளைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். பெண்களின் பெயரிலும் இருந்திருக்கிறது.

"சண்டை வராதோ?" என்று கேட்டேன்.

"வராமலா? சண்டை வந்து எழுதி வச்சதாலதான் எனக்குச் சம்பளம் கிடைச்சுது."

அப்புறம்தான் அவர் முக்கியமானதைச் சொன்னார். "அந்தக் கோவில்ல உரிமை யாருக்குன்னு ஒரு பலகை இருக்கும். யார் நிஜமா கொண்டு வந்து குடுத்தாங்கன்னு வேற பலகை இருக்கும். உன்கிட்டயும் ரெண்டு இருக்கே. பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தியா?"

பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் இரண்டையும் விரித்தேன். களஞ்சியக் கொப்பியில் ஆறாம் திருவிழாக் காலைகளைத் தேடினேன். பால், இளநீர், அரிசி, பூ, பட்டு. "கொண்டு வந்தவர்" என்ற நிரலில் ஒவ்வொரு வருடமும் தவமலர், தவமலர், தவமலர். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதற்காக நான் எழுதிய பெயர். மற்றப் பல இடங்களில் "நீலக் கார்க்கார வீட்டு அக்கா" என்றும் எழுதியிருந்தேன். அதை வாசிக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

அந்தக் கிழமை எனக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்தது. உபயப் பதிவில் சிவபாலன் என்பதற்குப் பக்கத்தில் இடம் இருந்தது. அதே நீலப் பேனை கையில் இருந்தது. "தவமலர்" என்று ஐந்து எழுத்துத்தான். சுவாமி அறையில் விளக்கேற்றிவிட்டு, நல்ல காரியத்துக்குத்தானே என்று முருகனிடமே நியாயம் கதைத்தேன். பிறகு அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பக்கத்தில எழுதிவிடட்டோ அக்கா? ஒருத்தருக்கும் தெரியாது."

"களிமண் ஈரமா இருக்கும்போது திருத்தலாம். காஞ்ச பிறகு திருத்தினா அதுக்குப் பேர் திருத்தறது இல்ல."

"அப்ப என்ன செய்யிறது? அவவின்ர நாள் போகப்போகுது."

"காஞ்சது காஞ்சதுதான். கீழ புதுசா ஒரு வரி எழுது. முன்ன எழுதினது தப்புன்னு எழுது. யார் எழுதினாங்கன்னு போடு."

"சபையில சொல்லவோ? எல்லாருக்கும் முன்னாலயோ?"

"நான் வந்து பின்னால உக்காந்துக்கறேன். சாப்பாடு உண்டுதானே?"

அந்த ஞாயிறு மண்டபத்தில் நாற்பது பேர் வரை இருந்தோம். தவமலர் மூன்று மணி வேலைக்குப் போக வேண்டியபடியால் வேலை உடுப்போடு வந்து கடைசி வரிசையில் இருந்தாள். கோமதி அக்கா அவளுக்குப் பக்கத்தில். தலைவர் என்னிடம், "தங்கச்சி, கொப்பி என்ன சொல்லுது?" என்று கேட்டார். நான் அந்த வரியை வாசித்தேன்.

"சரிதானே," என்றார் யோகன். "அண்ணையின்ர பேர்தான் கிடக்கு. அண்ணைக்குப் பிறகு தம்பி. மனிசன் இல்லாத வீட்டில காளாஞ்சியை ஆரிட்டக் குடுக்கிறது?"

காளாஞ்சி என்பது உபயகாரருக்கு ஐயர் தட்டில் வைத்துக் கொடுக்கும் வெற்றிலை, தேங்காய், பூமாலை மரியாதை. அதைத்தான் யோகன் கேட்டார். மண்டபத்தில் ஒருவரும் தவமலரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் உட்காரவில்லை, நின்றபடியே சொன்னேன். "கொப்பியில இருக்கிறது அரைவாசிதான். பிழை என்ரது. மற்ற அரைவாசி இதில இருக்கு." களஞ்சியக் கொப்பியைத் திறந்து, ஒவ்வொரு வருடமாக வாசித்தேன்.

யோகன் சிரித்தார். "பால் கொண்டு வந்தவைக்குத் திருவிழா எண்டால், பால் கொம்பனிக்கும் ஒரு நாள் குடுங்கோவன்."

மண்டபமும் சிரித்தது. நான் கொப்பியின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அப்போது தவமலர் எழும்பினாள்.

"அவர் ஒரு ஆறாந் திருவிழாவுக்கும் காலமைப் பூசையில நிண்டதில்லை," என்றாள். "லீவு குடுக்காயினம். பின்னேரம் சாமி வெளிவீதி வரேக்கை ஓடிவந்து சேருவார். சங்கற்பத்துக்கு நான்தான் இருந்தனான். அவற்ற பேரையும் நட்சத்திரத்தையும் நான்தான் ஐயருக்குச் சொன்னனான். ஐயரைக் கேளுங்கோ."

தலைவர் ஐயரைப் பார்த்தார். ஐயர் அவசரப்படவில்லை. "ஓம். அவதான் இருந்தவ. எல்லா வருசமும்," என்றார். "காளாஞ்சி உபயகாரருக்கு. கொப்பியில ஆற்ற பேர் இருக்கோ அவைக்குக் குடுப்பன். அதை நீங்கள் எழுதுங்கோ."

யோகன் எழுந்து என்னிடம் வந்தார். அவர் கெட்ட மனிதரல்ல என்பது உங்களுக்கும் தெரியும். அண்ணையின் பெயர் அழிந்துபோகும் என்ற பயம்தான் அவருக்கு. "அண்ணையின்ர பேரை வெட்ட மாட்டியள்தானே?" என்று என்னைக் கேட்டார்.

"வெட்ட மாட்டன். அது அப்பிடியே இருக்கும். கீழ எழுதுவன்."

"அப்ப சரி. மச்சாள், சாமிக்குக் குடை பிடிக்க நான் வாறன்."

அங்கேயே எழுதினேன். மேலே உள்ள வரியில் பெயர் விடுபட்டது என் பிழை என்றும், ஆறாம் திருவிழா சிவபாலன், தவமலர் இருவருடையது என்றும், இனித் தவமலர் பெயரில் நடக்கும் என்றும் எழுதி ஒப்பமிட்டேன். தலைவரும் யோகனும் சாட்சிக்கு ஒப்பம் வைத்தார்கள். கோமதி அக்கா வந்து அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். முத்திரை இல்லாத ஆட்கள் அந்தக் காலத்தில் ஈர மண்ணில் நகத்தை அழுத்தி அடையாளம் வைப்பார்களாம். அதைச் சொல்லிவிட்டு, "இதை ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு எவனாவது படிச்சா, இங்க ஒரு சண்டை நடந்து முடிஞ்சுதுன்னு கண்டுபிடிப்பான். அவனுக்கும் ஒரு வேலை கிடைச்சுது," என்றார்.

அந்த வருட ஆறாம் திருவிழாவில் தவமலர் காளாஞ்சி வாங்கியதை நீங்கள் எல்லோரும் கண்டீர்கள். யோகன் குடை பிடித்தார். அக்கா அன்று சாப்பாட்டு நேரத்துக்கு வராமல், காலைப் பூசைக்கே வந்து தூணோரம் நின்றார். தீபாராதனை நேரம் அவர் கும்பிட்டாரா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது பெரிய படிப்பு ஒன்றுமல்ல. பாபிலோனைப் பற்றி அவர் சொன்னதில் பாதி எனக்கு மறந்துவிட்டது. பலகைப் படங்களை மகன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார், அதுதான் முறை. என்னிடம் இருப்பது இரண்டு பழக்கம். பிழையை அழிக்காமல் அதற்குக் கீழே சரியானதை எழுதுவது ஒன்று. களஞ்சிய வாசலில் ஒருவர் வந்து நின்றால், பாத்திரத்தை வாங்குவதற்கு முதல் பெயரைக் கேட்பது மற்றது.

அந்தக் கேள்வியோடு உபயப் பதிவின் மற்ற ஒன்பது வரிகளுக்கும் கீழே புது வரி எழுதினேன். சிலர் சிரித்தார்கள். சிலர் புருசனைப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை தாயின் பெயரை முதன்முதலாகத் தமிழில் எழுதிப் பார்க்க வேண்டும் என்று கொப்பியைத் தன் பக்கம் திருப்பியது. மாஸ்டர் வீட்டு அம்மாவைக் கடைசியாகத்தான் பிடித்தேன். மாலைக் கூடையை மேசையில் வைத்துவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, உங்கட பேர் என்ன?"

"ஏன் பிள்ளை, மாஸ்டர் வீடு எண்டு போடன்."

"அது இருக்கு. உங்கட பேர் வேணும்."

அவர் யோசித்தார். நெடுநாளாகப் பூட்டிக் கிடந்த பெட்டிக்குத் திறப்புத் தேடுகிறவர்போல இருந்தது. பிறகு, "அன்னலட்சுமி," என்றார். நான் எழுதி, வாசித்துக் காட்டினேன். அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு இரண்டு அடி போய், திரும்பி வந்தார்.

"இன்னொருக்கா வாசி பிள்ளை."

வாசித்தேன்.